சலீம் அண்ணனின் மூன்றாவது பந்தயம்

நேற்று லாரி ஒன்று அவித்த நெல் வாசனையோடு கடந்துபோனது. அந்த வாசனை, காஞ்சிபுரத்தில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அரிசி ஆலையின் கொல்லைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே புளியமரத்தில் உமி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, கைகளில் கிழிந்த கைலித் துணியைச் சுற்றிக்கொண்டு, பனி விலகாத காலைகளில் என் அண்ணன் சலீம் தொம் தொம்மென்று குத்திக்கொண்டிருப்பான். ஒவ்வொரு குத்துக்கும் உமி பொன்தூளாகப் பறந்து அவன் வியர்வையில் ஒட்டும்.

முதல் இரண்டு குத்துச்சண்டைப் பந்தயங்களிலும் தோற்றிருந்தான். மூன்றாவதிலும் தோற்றால் இதை விட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அது எங்கள் ஊர் மைதானத்திலேயே நடந்தது. கடைசிச் சுற்றில், மழையில் நனைந்த மேடைப் பலகையில் எதிராளியான மெட்ராஸ்காரன் வழுக்கி விழ, குத்துப்பட்டு விழுந்தான் என்று நினைத்து நடுவர் எண்ணத் தொடங்கினார். அண்ணன் குனிந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். எழுந்தவன் புள்ளிக்கணக்கில் ஜெயித்தான்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் சும்மா நின்னுக்கினு இருக்கக் கூடாதாப்பா?" என்று வீட்டில் அம்மா கேட்டாள்.

"அவன் வழுக்கி விழுந்தான்மா. நான் அடிக்கவே இல்ல."

வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்து முடித்து, அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு கேட்டாள்:

"காலைல எத்தினி மணிக்கு எழுப்பணும்?"