தன் பிரிவுக்கு எதிராக எழுதியவர்

ஞானப்பிரகாசம் சார் காலமாகிவிட்டார் என்று எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் உடனே நம்பவில்லை. அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொண்டேன். வந்த பொருளைச் சோதித்து முத்திரை வைப்பதே என் உத்தியோகமாக இருந்தது. எதையும் நம்பாத குணம் அதில் ஒட்டிக்கொண்டது.

அவர் எங்கள் பணிமனையில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பிரிவின் ஃபோர்மேன். சுரங்க இயந்திரங்களுக்கு வேண்டிய அளவில் சுற்றிக் கொடுத்தவர்கள் அவரும், கம்மாபுரம் பக்கத்து காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஆறு பேரும். இனி வெளிநாட்டிலிருந்தே வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தது. இரண்டையும் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடவிட்டு, எது குறைவாகச் சூடாகிறது என்று பார்க்க முடிவாயிற்று. நம்முடையது தோற்றால் பிரிவை மூடிவிடுவார்கள். ஆறு பேருக்கும் வேலை போகும்.

அந்தச் சோதனையை நடத்தத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எனக்கு அது உறுத்தியது. அவர் திறந்து கைவைத்தால் தெரியட்டும் என்று, வெளிநாட்டு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் நான் கையெழுத்திட்ட காகிதச் சீட்டை ஒட்டினேன்.

"பின்பக்கம் ரெண்டு வுட்டுட்டீங்க சார், அதையும் ஒட்டிடுங்க," என்றார் அமைதியாக. அந்த அமைதியையும் சந்தேகித்தேன்.

மாலையில் அறிக்கையை நீட்டினார். "நம்மளுதுதான் சூடாவுது சார். அப்படியே எழுதிட்டேன்."

"உங்க ஆளுங்க ஆறு பேரு?"

"மெஷின் பக்கத்துல நிக்கிறவனும் நம்ம ஆளுதானே சார். தீப்புடிச்சா அவன் எங்க ஓடுவான்?"

அதை நேர்மை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தன் பிரிவையே மூட ஒருவர் சும்மாவா எழுதுவார்? பிரிவை மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் பண்ருட்டிக் கடைத்தெருவில், கனத்த பையோடு அவர் கடை கடையாக ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு அது போதாதா? வெளிநாட்டுக்காரன் அவரை நன்றாகக் கவனித்துவிட்டான் என்று கேன்டீனில் சொன்னேன். பேச்சு டவுன்ஷிப் முழுக்கப் பரவியது. அதன் பிறகும் அவர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லத் தவறியதில்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு அவருடைய சவப்பெட்டியை அந்த ஆறு பேரும் சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருவரிடம், இப்போது எங்கே வேலை என்று கேட்டேன்.

"பண்ருட்டில மோட்டார் காயில் கட்டுற கடைங்கள்ல சார். நாங்க சுத்துன காயிலுங்களப் பையில தூக்கிக்கினு, சார்தான் கடை கடையா ஏறி எங்களுக்கு வேலை கேட்டாரு."

வெட்கத்தில் என் தலை நிமிரவில்லை. பிடி மண் போடவும் கை வரவில்லை.

அன்று அதை என் வாயால் கேட்டவர்கள், நம் குழுவில் இதையும் படிப்பீர்கள். ஞானப்பிரகாசம் அவர்கள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. சொன்னவன் நான்; சொன்னது பொய். போய் வாருங்கள் சார்.