மலையடிவாரத்தில் என் மகள்

இன்று திருப்பத்தூரிலிருந்து ஜமுனாமரத்தூர் திரும்பும் பஸ்ஸில், மகள் தன் வகுப்பின் சராசரி மதிப்பெண்ணையும் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் செல்போனில் ஒரு இணையப் பக்கத்தில் போட்டாள். திரையில் மலை மாதிரி ஒரு கோடு எழுந்தது. விரலை நகர்த்தினால் அகன்றது, ஒடுங்கியது.

தன் மதிப்பெண்ணைப் போட்டாள். வலப்பக்க அடிவாரத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

என் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா, உச்சியில இல்லாம கீழ கீற?"

"உச்சியிலதான்பா கூட்டம். வலப்பக்கம் போகப் போக மார்க்கு ஏறும், ஆளு கொறையும். நான் சராசரிய வுட்டு ரெண்டு திட்ட விலக்கம் தாண்டிட்டேன்."

பின்சீட்டிலிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "பொண்ணு எப்படிங்க படிக்குது?"

"ஓரத்துல இருக்குதுங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"கவலப்படாதீங்க. அடுத்த பரீட்சையில நடுவுக்கு வந்துடும்."

வந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.