கெட்டிமேளத்துக்குள் ஓர் அலாரம்

கோப்பாய் ஆரணி மஹாலின் மனேச்சர் யார் என்று கேட்டால் அருளம்பலம் தன்னைத்தான் சொல்லுவார். முதலாளி சுதாகரனைக் கேட்டால், காவலுக்கு ஒரு ஆள் நிற்கிறார் என்பான். சுதாகரன் இருப்பது கனடாவில். ஆகவே இந்தக் கருத்து வேறுபாடு ஆறு வருடமாக ஒருவருக்கும் இடைஞ்சல் கொடுக்கவில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அச்சுவேலி - யாழ்ப்பாணம் மினிபஸ்ஸில் கொண்டக்டர். முழங்கால் போனதும் பஸ்ஸை விட்டார். வாசலில் நின்றபடி உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பார்வையில் அளக்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. அறுபத்தொரு வயதில் இந்த வேலையும் போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுப்பு எரிவதும் இந்தச் சம்பளத்தில்தான். போதாததற்கு, நாள் முழுக்க வீட்டில் இருக்கும் புருசனுக்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று மனைவி குணலட்சுமி எப்போதோ யோசித்து வைத்துவிட்டாள்.

போன வருடம் காப்புறுதிக்காரர் வந்து, தீயை அறியும் கருவி இல்லாத மண்டபத்துக்கு இனிக் காப்புறுதி இல்லை என்றார்கள். கூரையோ முப்பத்தைந்து அடி உயரம். கடைகளில் ஒட்டுகிற வட்டக் கருவியை அங்கே ஒட்டினால், புகை போய்ச் சேருமுன் கலைந்துவிடும். ஒட்டுவதென்றாலும் ஐம்பது வேண்டும். அதனால் கொழும்பிலிருந்து வேறொரு சாமான் வந்தது. ஒரு சுவரின் உச்சியில் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடித் தகடு. பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று மண்டபத்தின் குறுக்கே போய்த் தகட்டில் பட்டுத் திரும்பும். நடுவில் புகை ஏறிக் கதிர் மங்கினால் அலாரம் அடிக்கும். அருமையான சாமான்தான், குறை சொல்லக்கூடாது. பூட்ட வந்த பெடியங்களும் கெட்டிக்காரர்கள், நீளம் அகலம் எல்லாம் அளந்தார்கள். மணவறை எங்கே போடுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கதிர் நேரே ஓமகுண்டத்துக்கு மேலால் போனது.

பிறகென்ன? முதல் கலியாணத்தில் ஐயர் நெய்யை விட்டார், அலாரம் கத்தியது. சண்டிலிப்பாய் மாப்பிள்ளை பகுதி அபசகுனம் என்று எழும்பி நின்றது. இரண்டாவது கலியாணத்தில் பெண்ணின் பெரியதாய் மயங்கியே விழுந்துவிட்டார். கொழும்புக்காரரைக் கேட்டால், அடுத்த மாதம் வந்து இடம் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்றுவரை வரவில்லை. கனடாவிலிருந்து சுதாகரன் அழைத்தான்.

"அண்ணை, இன்னொருக்கா உது தாலிகட்டு நேரத்திலை கத்தினால், நீங்கள் வேறை இடம் பாருங்கோ."

அருளம்பலம் வேறு இடம் பார்க்கவில்லை. வேறு வழி பார்த்தார். அலுவலக அறைப் பலகையில் கதிரை மட்டும் நிறுத்தி வைக்கும் ஒரு பொத்தான் இருந்தது. சுவர்களில் உள்ள, கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டிகள் அப்போதும் வேலை செய்யும். ஐயர் ஓமம் மூட்டுமுன் பொத்தானை அழுத்துவார். புகை கலைந்தபின் திரும்ப விடுவார். ஒருவருக்கும் சொல்லவில்லை. நெருப்பைப் பார்க்க வாங்கிய கண், நெருப்பு எரியும் நேரம் பார்த்து நித்திரை கொண்டது. நாற்பது கலியாணம் சத்தமில்லாமல் நடந்தன. காப்புறுதிக்காரர், முதலாளி, மாப்பிள்ளை பகுதி எல்லோருக்கும் பரம திருப்தி.

வைகாசியில் வந்தது நாற்பத்தோராவது. வெயில் மண்டையைப் பிளந்தது. சோடனைக்காரர் மணவறையின் பின்னால் கூரை மட்டத்துக்கு வெள்ளைத் துணியும் வலையும் கட்டி, அதற்குள் ஆயிரம் சின்ன மின்குமிழ்களைப் பின்னியிருந்தார்கள். அருளம்பலம் வழக்கம்போலக் கதிரை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். முகூர்த்தத்துக்கு இன்னும் பதினொரு நிமிடம். அப்போதுதான் அதைக் கண்டார். ஓமப்புகை வெள்ளை, நடுவிலிருந்து எழும்பியது. வலது மூலைத் துணிக்குப் பின்னால் ஏறிய இன்னொரு புகை கறுப்பு. நானூறு பேரில் வேறு ஒருவரும் அதைக் காணவில்லை. பாதிப்பேர் கைபேசியைப் பார்த்தார்கள், மீதிப்பேர் சாப்பாட்டு மண்டபப் பக்கம் பார்த்தார்கள்.

சிவப்புப் பெட்டி அவருடைய கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. உடைத்தால் வேலை போகும். ஒரு முழு நிமிடம் மரம்போல நின்றதாகப் பிறகு அவரே வெட்கப்பட்டுச் சொன்னார். முன்வரிசையில் ஒரு குழந்தை தாயின் மடியில் நித்திரை. அதைக் கண்டதும் அவருடைய முழங்கை தானாகக் கண்ணாடியில் இடித்தது.

அலாரம் அலறியது. உடனே பெண்ணின் மாமன் கையைத் தூக்கி மேளக்காரருக்குக் காட்டினார். மணவறை நேரத்தில் காதில் விழக்கூடாத சத்தம் விழுந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாதா? கெட்டிமேளம் வெடித்தது. இரண்டு தவிலும் இரண்டு நாதஸ்வரமும் சேர்ந்து கொழும்பு அலாரத்தை இருந்த இடம் தெரியாமல் அமுக்கிவிட்டன. கெட்டிமேளம் முழங்கியபின் ஐயர் சும்மா இருக்க முடியுமா? தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். அவனும் கட்டினான். பத்து நிமிடம் முந்தி. சனம் அறுகரிசியை அள்ளி வீசியது. நெருப்பு, நெருப்பு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு முன்னுக்கு ஓடிய அருளம்பலத்தின் கையிலும் யாரோ ஒரு அம்மா பாசத்தோடு ஒரு பிடி அறுகரிசியைத் திணித்தார்.

அவர் திரும்பி ஓடி மெயின் சுவிச்சை விழுத்தினார். மின்விசிறிகள் நின்றன. வைகாசி வெயிலில் விசிறி நின்றால் யாழ்ப்பாணத்துச் சனம் பொறுக்குமா? நானூறு தலையும் ஒரேயடியாக மேலே நிமிர்ந்தன. அப்போதுதான் துணியில் ஏறிய நெருப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. கலியாண வீடு எழும்பியது. தள்ளுப்படாமல் வாசலுக்கு வாசல் சனத்தைப் பிரித்து இறக்குவது அவருக்குப் பழகிய வேலை. மூன்று நிமிடத்தில் மண்டபம் வெறுமை. தவில்காரர் தோளிலிருந்த தவிலைக் கழற்றாமலே எரிகிற துணியை இழுத்து விழுத்த, அருளம்பலம் நொண்டி நொண்டித் தீயணைக்கும் சிலிண்டர் இரண்டை அதன்மேல் அடித்து முடித்தார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முந்திய நேரமும் சுபநேரம்தான் என்று ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சாப்பாடு நேரத்துக்கு நடந்தது.

அன்று பின்னேரமே வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எல்லோரும் கருவியைப் புகழ்ந்தார்கள். அடுத்த நாள் காலையில், அருளம்பலம் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, சுதாகரனின் அழைப்பு வந்தது. அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மெசின் நானூறு உயிரைக் காப்பாற்றிவிட்டதாம். சாப்பாட்டு மண்டபத்துக்கும் அதேமாதிரி ஒன்று வாங்கப்போகிறானாம். இவ்வளவு கெட்டிக்கார மெசின் இருக்கும்போது காவலுக்கு ஆள் எதற்கு? மாத முடிவோடு அண்ணை வீட்டில் ஆறுதலாக இருக்கலாம், ஒரு பொன்னாடையும் போர்த்தி அனுப்புவோம் என்றான்.

அருளம்பலம் கணக்குப் பார்த்தார். பேசாமல் இருந்தால் பொன்னாடையோடு போகலாம். உண்மையைச் சொன்னால் கெட்ட பெயரோடு போகவேண்டும். எப்படியும் போவதுதான். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கலியாணம். அலாரம் கத்தினால் எந்த மாமனாவது பொத்தானைத் தேடி அழுத்தத்தான் போகிறான். வாசலில் பார்க்கவும் ஆள் இராது.

"தம்பி, மெசின் நித்திரை," என்றார். "ஒவ்வொரு ஓமத்துக்கும் நான்தான் அதை நிப்பாட்டுறனான். நேற்றுப் புகையைக் கண்டது நான். சிவப்புப் பெட்டியை உடைச்சதும் நான்."

குசினி வாசலில் குணலட்சுமி அகப்பையோடு நின்றாள்.

"அப்ப நிப்பாட்டாட்டி ஒவ்வொரு கலியாணத்திலையும் கத்துமோ?" என்று கேட்டான் சுதாகரன்.

"ஓம் தம்பி."

சுதாகரன் யோசித்தான். பிறகு, வெகு நிதானமாக, "அப்ப அதை நிப்பாட்டி வைக்க ஒரு ஆள் வேணும். நீங்களே நில்லுங்கோ அண்ணை. காப்புறுதிக்காரருக்கு மட்டும் வாய் திறக்காதேங்கோ," என்றான். ஞாயிற்றுக்கிழமை ஓமம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனை வைத்தான்.

வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் குணலட்சுமி பிட்டையும் சம்பலையும் கொண்டுவந்து வைத்தாள். அருளம்பலம் பிட்டில் கை வைக்கவில்லை.

"இஞ்சாரும், நான் புகையைக் கண்டதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் கேக்கேல்லை."

"வேலை கிடைச்சுதெல்லே," என்றாள் அவள். "சாப்பிடுங்கோ."