எர்லீனின் தொண்டைக்கட்டு

எர்லீன் ப்ரூவருக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் தொண்டை கட்டும். டெட்ராய்ட்டில் அவள் சபையில் பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறு அன்று. ஆராதனை முடிந்ததும், வெள்ளை உடையும் வெள்ளைத் தொப்பியுமாக எல்லாரும் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கோழி வறுவலோடு உட்காருவார்கள். சமையல் பொறுப்பாளர் சிஸ்டர் ரூபெல் ஆரம்பிப்பாள்: "சிஸ்டர் எர்லீன், அந்தப் பாட்ட ஒரு தடவ பாடேன்." எர்லீனின் கை கழுத்துக்குப் போகும். ரூபெல் ஒரு புதினா மிட்டாயை நீட்டுவாள்.

அந்தப் பாட்டு 1964-இல் வந்தது. லாரலீன்ஸ் என்ற பாட்டுக் குழுவில் மூன்று பெண்கள்: எர்லீன், வினெட்டா, க்ளோட்டி. இசைத்தட்டில் முதன்மைக் குரல் வினெட்டாவுடையது. அட்டைப் படம் எடுக்க வந்த நாளில் தயாரிப்பாளர் வினெட்டாவை ஏற இறங்கப் பார்த்தார். "இவ கறுப்பு, குண்டு வேற. எர்லீன், நீ நடுவுல நில்லு." வினெட்டா தோழியின் முகத்தைப் பார்த்தாள். எர்லீன் தன் சவுரியைச் சரிசெய்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிவியில் எல்லாரும் வாயசைப்பதுதான் வழக்கம், சிக்கல் இல்லை. ஊர் ஊராக பஸ்ஸில் கச்சேரிக்குப் போனபோதுதான் வெட்கக்கேடு. துணிமணி பார்த்துக்கொள்ள வந்தவள் என்று சொல்லி வினெட்டாவைத் திரைக்குப் பின்னால் மைக்கோடு நிறுத்தினார்கள். முன்னால் எர்லீன் வாயைத் திறந்து திறந்து மூடினாள். கைதட்டலுக்குக் குனிந்து வணக்கமும் வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து க்ளீவ்லாந்தில் வினெட்டா பெட்டியைக் கட்டினாள். அடுத்த தட்டை எர்லீனே பாடினாள். அதை நாய்கூடச் சீண்டவில்லை. க்ளோட்டி கல்யாணமாகி டெக்சஸ் போய்விட்டாள். எர்லீன் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் முப்பது வருஷம் பரிமாறினாள். "அந்தப் பாட்டுப் பாடின அம்மா" என்றார்கள். மறுக்கவில்லை.

வினெட்டா அதே சபையின் பாடகர் குழுவான கொயரில் பாடிக்கொண்டு, ஒருநாளும் வாய் திறந்து அதைப் பற்றிப் பேசவில்லை. போன குளிர்காலத்தில் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விட்டது, கரகரப்புதான் மிச்சம். செய்தி கேட்ட எர்லீனுக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த நொடியே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். சீ, நானும் ஒரு மனுஷியா!

இந்த வருஷம் ரூபெல் பாட்டைக் கேட்டபோது எர்லீன் கழுத்தைத் தொடவில்லை. எழுந்து நின்றாள்.

"அத நான் பாடல. வினெட்டா பாடினா. நான் வாயத்தான் அசைச்சேன்."

கூடத்தில் ஒருத்தியும் வாயைப் பிளக்கவில்லை. ரூபெல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்மா. அவளோட ஆறு வயசுலேர்ந்து நம்ம கொயர்ல கேட்ட குரலு. ரேடியோல வந்த அன்னிக்கே எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் வருஷாவருஷம் என்னையப் பாடச் சொன்னீங்க?"

"இந்த வருஷமாவது சொல்லுவியான்னுதான்."

எர்லீனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஐம்பது வருஷம் இத்தனை பேர் அவள் கழுத்தைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு, மிட்டாயும் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

வினெட்டா எதிரே உட்கார்ந்து கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். எர்லீன் அவள் பக்கம் திரும்பினாள். "வினெட்டா, என்னைய மன்னிச்சிருடி."

வினெட்டா வாயைத் துடைத்துக்கொண்டாள். காற்றுதான் முதலில் வந்தது, பிறகு அந்தக் கரகரப்பு.

"போன வருஷம் நீ சொல்லியிருந்தா, இவங்களுக்கு நானே பாடிக் காட்டியிருப்பேன்டி."

ரூபெல் பழக்க தோஷத்தில் மிட்டாயை நீட்டினாள். எர்லீனால் அதை வாங்க முடியவில்லை.