பச்சை காட்டிய பக்கம்

அந்தச் சனிக்கிழமை மாலை எங்கள் மும்பை குர்லா ஆபீசில் இருந்தது மூன்று பேர். நான், என் மேனேஜர், தப்பு கண்டுபிடிக்கும் ஒரு சாஃப்ட்வேர். இல்லாதவர் ஒருவர்தான் — நாங்கள் செய்த பக்கத்தை நிரப்பப்போகிறவர்.

ஒரு டிரஸ்டுக்காகக் கல்லூரி ஃபீஸ் உதவி விண்ணப்பத்தை வெப்சைட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாஃப்ட்வேர் சோதித்துப் பச்சை காட்டினால்தான் பக்கம் வெளியே போகும். அது எங்கள் ஆபீஸ் விதி. அன்று சிவப்பு. ஆறு பெட்டிகளுக்குப் பெயர் இல்லையாம்.

கண்ணால் பார்க்கிற பெயர் இருந்தது. பார்வையில்லாதவர்களுக்கு போன் படித்துச் சொல்லுமே, வெப்சைட் கோடிங்குக்குள் எழுதும் பெயர்... அதுதான் இல்லை.

மேனேஜர் பையை மாட்டிக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று நின்றார். "அரே, கித்னா டைம்?"

ஆறு பெட்டிக்கும் 'டீட்டெய்ல்ஸ்' என்று ஒரே சொல்லை ஒட்டினேன். பச்சை!

"பாஸ் ஹோ கயா? சலோ!" பாஸாகிவிட்டது, கிளம்பிவிட்டோம்.

சில வாரம் கழித்து, தாராவியில் எங்கள் கீழ்வீட்டு ஜெபராஜ் அண்ணன் கூப்பிட்டார். டெலிபோன் ஆபரேட்டர், பார்வை கிடையாது. இளைய மகளுக்காக அதே டிரஸ்டுக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் தள்ளுபடி. தானே நிரப்புவதாக மகள் சொல்லியும் அவர் விடவில்லையாம்.

"எத்தன நாளைக்குலே அடுத்தவங்க கையப் பிடிச்சே பாரம் போடுதது? போன்ல தட்டுனா எல்லாப் பொட்டியும் டீட்டெய்ல்ஸ், டீட்டெய்ல்ஸ்ங்கு. மூத்தவளுக்குப் போட்ட பேப்பர் பாரத்த ஞாபகம் வச்சு, அதே வரிசையில போட்டேன்."

நாங்கள் வரிசையை மாற்றியிருந்தோம். மார்க் கேட்ட இடத்தில் அவருடைய மாத வருமானம். வருமானம் கேட்ட இடத்தில் மகளின் மார்க்.

"எந்தக் கூறுகெட்ட பய செஞ்சாம்லே இத?"

"நாந்தாண்ணே."



"மெதுவாச் சொல்லு. உங்க அண்ணி காதுல விழுந்திரப்போவுது" என்றார்.

மறுநாளே பெட்டிகளைத் திருத்தினேன். டிரஸ்டுக்கும் போய் நின்றேன். கடைசித் தேதி முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள் என்றார்கள்.

இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று எங்கள் தொழிலில் ஓயாத சண்டை. ஆக்குங்கள் என்றுதான் சொல்வேன். என்னைப் போன்றவனை வேறு எது நிறுத்தும்? ஆனால் பெட்டிக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். அது சரியான பெயரா என்று யார் பார்ப்பது? பச்சை விழுந்ததும் நாங்கள் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறோமே! கண்ணை மூடிக்கொண்டு, போன் சொல்வதை மட்டும் கேட்டு ஒருமுறை நிரப்பிப் பார்த்திருந்தால்...

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா, பிறர் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தவர். தன்னால் படிக்க முடியாத தாளின் முன் ஒரு மனிதர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன்.

போன வாரம், இளையவளின் ஃபீஸுக்காக அண்ணியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. எனக்கு அன்று மிச்சமானது பத்து நிமிடம். அவர்களுக்கு ஆனது — இருபத்திரண்டாயிரம் ரூபாய்.