பறக்கை கணபதியப்பனும் முப்பது நாள் நோட்டீசும்

பறக்கை கணபதியப்பனுக்குச் சர்க்கார் என்றாலே ஆகாது. எந்தச் சர்க்கார் என்று கேட்டால், எல்லாச் சர்க்காரும்தான் என்பார். மகாராஜா இருந்தபோதும் அதைத்தான் சொன்னார். மகாராஜா போய் மந்திரிமார் வந்தபிறகும் அதைத்தான் சொன்னார். தமிழ்ப்பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்த காலத்தில் அவரும் போய் உட்கார்ந்து கைதட்டினார். திரும்பி வரும் வழியில், சேர்ந்தாலும் சரிதான், வரப்போகிற சர்க்காரும் நம்ம நடைவாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று சொல்லி, கூட நடந்தவருடைய உற்சாகத்தைக் கெடுத்தார்.

மூன்று கோட்டை விதைப்பாடு வயல், சாணி மெழுகிய பெரிய களம், தாயில்லாத ஒரே மகள் அழகம்மை. அவ்வளவுதான் அவர் சொத்து. அதற்குள் வெளியாள் யாரும் தலையிடக்கூடாது என்பது அவர் கட்சி. வயலில் என்ன விதைக்கவேண்டும் என்று சர்க்கார் சொல்லக்கூடாது. வீட்டில் யார் யாரைக் கட்டவேண்டும் என்று ஊர் சொல்லக்கூடாது. இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்வார். கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு முதல் பாதி பிடிக்கும், மீதிப்பேருக்கு இரண்டாம் பாதி பிடிக்கும். முழுதும் பிடித்த ஆளை அவர் கண்டதில்லை. அதனால் அவருக்கு ஒரு குறைச்சலும் இருந்ததில்லை.

நாற்பத்தேழில் நடந்த சங்கதி இன்றும் பறக்கையில் பேச்சு. அறுவடை முடிந்ததும் லெவி அதிகாரிகள் வீடு வீடாக ஏறுவார்கள். தலையை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு, மிச்ச நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊரில் பலரும் வைக்கோற்போருக்குள் நெல்லை ஒளித்தார்கள். கணபதியப்பன் ஒளிக்கவில்லை. தம் வீட்டில் பன்னிரண்டு தலை என்று எழுதிக் கொடுத்தார். அவரும் மகளும் இரண்டு. பாக்கிப் பத்தும் சேரியிலிருந்து அவர் வயலுக்கு வரும் சுடலையாண்டியும் அவன் ஆட்களும். இவர்கள் உமக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டார்.

“எங்க அடுக்களையில உண்ணுகவன் எங்க வீட்டாளு. யாரு எனக்குச் சொந்தம்னு அளக்கதுக்கும் மரக்கால் கொண்டு வந்திருக்கீரா?”

அதிகாரி பத்துப் பெயரையும் அடித்துவிட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போனார். நெல் போனது பெரிதில்லை. சேரி ஆட்களைக் குடும்பம் என்று எழுதிக்கொடுத்த செய்தி ஊரில் பரவி, சொந்தக்காரர்கள் ஒரு வருசம் அவர் வீட்டில் கைநனைக்கவில்லை. நல்லதாயிற்று, விருந்துச் செலவு மிச்சம் என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தைந்தில் தாமே நடந்து சர்க்கார் ஆபீஸ் படியேற வேண்டி வந்தது.

அழகம்மை பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் ஜான்ரோஸ் கணக்கு வாத்தியார். இராஜாக்கமங்கலம் கடற்கரையில் கட்டுமரம் தள்ளுகிறவரின் மகன். இரண்டு பேரும் கட்டிக்கொள்வதாக முடிவு செய்து, அழகம்மை ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். கணபதியப்பன் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, பையன் கள் குடிப்பானா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அத்தோடு அவர் பக்கம் முடிந்தது.

மற்ற பக்கங்கள் முடியவில்லை. பெண் ஞானஸ்நானம் வாங்கட்டும் என்றது பையனுடைய மாதா கோயில் பங்கு. பையன் விபூதி பூசட்டும் என்றார்கள் இந்தப் பக்கத்தில் நல்ல மனசுள்ள இரண்டு பேர். அவரவர் சாமி அவரவரோடு இருக்கட்டும் என்றார் கணபதியப்பன். மாலை மாற்றி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். அழகம்மை ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்குப் பெயர் வேண்டும், பாத்தியம் வேண்டும். டெல்லியில் புதுச் சட்டம் வந்திருக்கிறது, மதம் மாறாமல் பதிவு செய்யலாம் என்றாள்.

அந்தச் சட்டத்தின்படி ஆபீஸ் பலகையில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். என் மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் அபிப்பிராயம் சொல்லவா என்று கணபதியப்பன் குதித்தார். பிறகு வாசகசாலையில் சட்டப் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. இன்னின்ன காரணத்துக்குத்தான் ஆட்சேபிக்கலாம் என்று பட்டியல் இருந்தது. வயசு குறைவு, புத்தி சுவாதீனம் இல்லாமை, விலக்கப்பட்ட உறவு, ஏற்கெனவே கல்யாணம் ஆகி அந்தத் துணை உயிரோடு இருப்பது. சாதி இல்லை. மதம் இல்லை. மானம் மரியாதையும் இல்லை. அதிகாரி இதற்கு வெளியே ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதிகாரியின் கையைக் கட்டுகிற சட்டமும் உண்டு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கல்யாண விருந்துச் சாப்பாடு சாப்பிட்டவர்போல வீட்டுக்கு வந்தார்.

இருபத்தாறாம் நாள் ஆட்சேபம் வந்துவிட்டது. கொடுத்தவள் அவருடைய சொந்த அக்காள் தாணம்மாள்.

தாணம்மாளைக் குறை சொல்லவும் முடியாது. அழகம்மைக்கு ஏழு வயசாக இருந்தபோது தாய் இறந்தாள். தலைசீவிப் பின்னலிட்டு வளர்த்தவள் அத்தைதான். அத்தோடு தாணம்மாளுடைய பிள்ளைப்பிராயத்தில் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி. தாய்மாமன் சொத்து சகோதரி மகனுக்கு. சட்டம் மாறி மக்கள் வழி வந்துவிட்டது. தாணம்மாள் மனசு மாறவில்லை. மாமன் மகளைத் தன் மகன் பகவதியப்பன் கட்டினால் பழைய வழியும் புதிய வழியும் ஒன்றாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். தாய் இறந்த அந்த வருசம் வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் கிடந்தபோது, ஒருநாள் ஏழு வயசுப் பிள்ளை கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, பத்து வயசு பகவதியப்பன் பக்கத்தில் உட்காரவைத்து, பாயசம் வைத்தாள். இனி இவள் என் மருமகள் என்றாள். சரிதான், கூட்டிக்கிட்டுப் போ என்று கணபதியப்பனும் சிரித்தார். பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்.

அதைத்தான் இப்போது மனுவில் எழுதியிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை உயிரோடு குலசேகரத்தில் ரப்பர் கடையில் வேலை பார்க்கிறான் என்று. பட்டியலில் உள்ள காரணம். அது உண்மை என்று தீர்ந்தால் பதிவு நடக்காது.

பதிவு அதிகாரி கிருஷ்ணமணி பத்மநாபபுரத்துக்காரர், நல்ல மனுசர். கணபதியப்பனைக் கூப்பிட்டனுப்பி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“பிள்ளைவாள், இது வெறும் வம்பாக்கும். எனக்குத் தெரியாதா? மனு வந்ததே யாருக்கும் தெரியாது. நான் கிழிச்சுப் போட்டிருதேன். நீரு சமாதானமா வீட்டுக்குப் போம்.”

அழகம்மையும் அங்கே இருந்தாள். அவள் முகம் மலர்ந்ததைக் கணபதியப்பன் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“கிழிக்கப்பிடாது சார். எனக்கு வேண்டி இண்ணைக்குக் கிழிச்ச கை, இன்னொருத்தனுக்கு வேண்டி நாளைக்கு என்னுதையும் கிழிக்கும். புஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

அழகம்மை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள், உங்க கொள்கைக்கு என் கழுத்தையா கொடுக்கணும் என்று ஒரு வரி கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவருக்கு அன்று வயலில் கால் பொருந்தவில்லை.

விசாரணையன்று ஆபீஸில் நிற்க இடமில்லை. பறக்கையிலிருந்து ஒரு பஸ் ஆள் வந்திருந்தது. தாணம்மாள் வக்கீல் வைத்திருந்தாள். கயிறு கட்டினது உண்டா என்று கிருஷ்ணமணி கேட்டார். உண்டு என்றார் கணபதியப்பன். அப்போது நீர் என்ன சொன்னீர் என்று அடுத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று ஒரு பொய் சொன்னால் ஆட்சேபம் அத்தோடு முடிந்தது. பின்வரிசையில் இருந்த ஜான்ரோஸ் இல்லையென்று சொல்லும்படி கண்ணால் கெஞ்சினான்.

“சரிதான், கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னேன். விளையாட்டாச் சொன்னேன். ஆனா சொன்னேன்.”

வக்கீல் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கிருஷ்ணமணி அழகம்மையைப் பார்த்து, நீ என்ன சொல்லுகே மக்கா என்றார்.

“அண்ணைக்கு எனக்கு ஏழு வயசு சார். அத்தை சரின்னாங்க, அப்பா சரின்னாங்க. உனக்குச் சரியான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல. இண்ணைக்குத்தான் மொதல்ல ஒரு ஆளு கேக்கு. அதும் சர்க்கார் ஆளு.”

கூட்டம் சிரித்தது. கணபதியப்பனும் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. நடைவாசலுக்கு வெளியே சர்க்காரை நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே தாமே ஒரு சர்க்காராக உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறோம் என்று பட்டது. அந்த நினைப்பு அவருக்குப் புதிது. சுவரைப் பார்த்துக்கொண்டு அதை விழுங்கினார்.

கிருஷ்ணமணி தாணம்மாள் பக்கம் திரும்பினார். அவரும் இந்தச் சீமைக்காரர்தானே. கல்யாணம் கழிந்தால் முதல் பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அரிசியும் வெல்லமும் கரும்பும் பானையுமாகப் பொங்கல்படி போகாமல் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். பெரியம்மா, அந்த வருசம் தம்பி வீட்டுலேருந்து மருமகனுக்குப் பொங்கப்படி வந்துதா என்று சாதாரணமாகக் கேட்டார்.

தாணம்மாளுக்குப் பதினேழு வருசத்து வயிற்றெரிச்சல். தம்பியைக் குத்த ஒரு வாய்ப்பு வந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வக்கீல் இருமினார், கையைக் காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

“இவனா? இந்தக் கருமியா? பொங்கப்படியா குடுப்பான்? ஒரு முழம் கரும்பு எங்க நடை ஏறலியே சாமி, இண்ணைக்கு வரைக்கும்.”

சொல்லி முடித்தபிறகு அவளுக்கே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். படி வராத கல்யாணம் நாஞ்சில் நாட்டில் கல்யாணமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிருஷ்ணமணி சிரிக்காமல் எழுதினார்: கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமில்லை, ஆட்சேபம் தள்ளப்பட்டது.

தாணம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். கணபதியப்பன் போய்ப் பக்கத்தில் நின்றார். நான் வளத்த பிள்ளலே அது என்றாள் அவள். அதை யாரு இல்லேங்கா என்றார் அவர்.  அவள் அவர் தோள்முண்டை இழுத்து முகம் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

நாலாம் நாள் பதிவு நடந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேரும் கணபதியப்பனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றபோது அவர் மனசில் ஒரு ஏற்பாடு இருந்தது. மேல அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் மாற்றி, புதுக் கட்டிலும் சொல்லி வைத்திருந்தார். மேல அறையை என்று தொடங்கினார். மகளைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

“எங்க இருக்கப் போறிய மக்கா?”

அழகம்மை ஜான்ரோஸைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இராஜாக்கமங்கலத்துல வீடு பாத்தாச்சு அப்பா. கடல் பக்கம்தான்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 

“ஞாயித்துக்கெழமை நான் அங்க வரலாமா?”

“வாங்க. மீன் வாசம் அடிக்கும்.”

“அடிக்கட்டும்,” என்றார். “உனக்குப் பழகினது எனக்குப் பழகாதா?”