பச்சை காட்டிய மூலை

கட்டிடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் அதைப் 'பிம்' என்போம். வெறும் படம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சுவரைத் தொட்டால் அதற்கு எத்தனை கல், எவ்வளவு சீமெந்து, அந்தச் சீமெந்தைச் செய்ய எவ்வளவு புகை வானத்துக்குப் போனது என்பதுவரை சொல்லும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மரத்தை வெட்டாமல் விடலாம், எல்லாம் சொல்லும். அம்மாவுக்கு இதை விளக்கியபோது, "கட்டாத வீட்டுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று சிரித்தார்.

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு வீட்டுத்திட்டம் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து மண்சரிவு அபாயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மழை கனத்தால் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஓடுவார், லயத்துச் சனம் முழுக்க ஓடும். அந்த வேலையை வேறு யாருக்கும் விடாமல் சண்டை போட்டு வாங்கினேன்.

மண்ணை அதிகம் வெட்டக்கூடாது, கொங்கிறீட் குறைய வேண்டும், நிற்கிற மரம் நிற்க வேண்டும், பழைய லயத்துக் கருங்கல்லே புது வீட்டு அத்திவாரத்துக்குப் போக வேண்டும். இவைதான் நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள். ட்ரோன் படமெடுத்த மலையைக் கணினிக்குள் ஏற்றினோம். கட்டத் தோதான நிலம் பச்சை நிறத்தில் தெரியும். தெரிந்தது. சுடுகாட்டுக்குக் கீழே இருக்கும் மூலை.

அது பிள்ளைக்குழி. பால் குடிக்கிற வயதில் இறந்த பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். கல் நட மாட்டார்கள், மேடு கட்டமாட்டார்கள். அடையாளம் வைத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்று பயம். அதனால் ட்ரோனுக்குப் புல்லும் உன்னிச்செடியும்தான் தெரிந்தன. என் தங்கை அங்கே இருக்கிறாள். காய்ச்சலில் போனாள். மார்பில் கட்டிக்கொண்ட பாலை அம்மா அந்த மண்ணில் பீய்ச்சிவிட்டதைச் சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த மூலையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, கட்டக்கூடாத இடம் என்று கொடுத்தேன். உடனே வீடுகள் மேட்டுக்கு ஏறின. மலையை ஆழமாக வெட்ட வேண்டி வந்தது. தடுப்புச் சுவருக்குக் கொங்கிறீட் எகிறியது. கொஞ்சப் பேருக்கு வீடே இல்லாமல் போனது. எங்கள் எஞ்சினியர் சிங்களவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னேன். இதை நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது, சனத்திடம் கேட்போம் என்றார்.

கோயில் மண்டபத்தில் திரை கட்டி மலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். எங்கள் லயம், கோயில், ஓடை எல்லாவற்றையும் ஆட்கள் கண்டுபிடித்துக் கூவினார்கள். அம்மா எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார்.

"இதுல பாப்பா எங்க?"

"மண்ணுக்குள்ள இருக்கறது இதுல தெரியாதும்மா."

"எல்லாம் தெரியும்னு சொன்னியே."

பிள்ளைக்குழியில் கட்டினால்தான் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் என்று சொன்னதும் சனத்துக்குள் வாக்குவாதம் வந்தது. அதை நிறுத்தியதும் அம்மாதான். "செத்த புள்ளைங்களுக்காக இருக்கற புள்ளைங்க மண்ணுக்குள்ள போகணுமா? கட்டுங்க. ஆனா மெசின் வேணாம். கையால தோண்டி எங்க புள்ளைங்கள எடுத்து மேல சுடுகாட்டுல வச்சுட்டு, அப்புறமா கட்டுங்க."

அடுத்த நாள் தாய்மார் வந்தார்கள். இடத்தை அளக்கும் கோலை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொருவராக வந்து தன் பிள்ளை இருக்கும் இடத்தில் நின்றார்கள். யாரும் தடுமாறவில்லை. ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியாகக் கணினியில் ஏற்றினேன். எதை ஏற்றினாலும் அது என்ன வகை என்று கேட்கும். சுவரா, தூணா, குழாயா, மரமா? அந்தப் பட்டியலில் பிள்ளை எங்கே இருக்கும்? 'மற்றவை' என்பதில் போட்டேன். என் தங்கையை அப்படிப் போட எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் போட்டேன்.

தோண்டிய அன்று மழை இல்லை. தாய்மார் புது வெள்ளைத் துணியும் சின்ன மண்கலயமும் கொண்டு வந்திருந்தார்கள். மண்வெட்டியால் மெதுவாகத்தான் வெட்டினார்கள். முழங்கால் ஆழம் போனது. இடுப்பு ஆழம் போனது. கறுப்பு மண் தீர்ந்து மஞ்சள் மண் வந்தது. ஒன்றும் இல்லை. பக்கத்துக் குழியிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒரு துண்டு எலும்பு, ஒரு வளையல் மணி, எதுவும் இல்லை. நான் கையிலிருந்த திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். புள்ளி சரியாக அங்கேதான் இருந்தது.

"இது புளிச்ச மண்ணு. சின்ன எலும்பு, தின்னுருச்சு" என்றார் வெட்டியவர்களில் ஒருவர்.

மற்றத் தாய்மார் ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார்கள். அழுகைச் சத்தத்தோடு மேலே ஏறிப் போனார்கள். அம்மா போகவில்லை. வெறுந்துணியை மடியில் விரித்து வைத்தபடி குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா, ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கிட்டுப் போவோம்" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொழுந்து எடுக்கப் போறப்ப எல்லாம் இங்கன நின்னு அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போவேன். அப்ப நான் இம்புட்டுக் காலமா யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"